சந்தனத்தில் ஒட்டிக்கொண்டு வந்த டீகால்

பெயிண்ட் தின்னரும் ஈரச் சந்தனமும் ஒரே அறையில் கலந்தால் ஒரு வாசனை வரும். வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுதபூஜை அன்று, பெயிண்ட் ஷாப்பிலும் பிரிண்டிங் பட்டறையிலும் மட்டுமே கிடைக்கிற வாசனை அது. போன ஆயுதபூஜைக்கு இருங்காட்டுக்கோட்டையில் என் லேபிள் யூனிட்டில் அது எழும்பியதும், கையில் இருந்த சுண்டலைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். சூப்பர்வைசர் சதீஷ் புது கட்டிங் மெஷின் முன்னால் நின்றிருந்தார். மூன்று விரலில் சந்தனம். பேனலில் கம்பெனி பெயர் ஒட்டியிருந்த இடத்துக்கு நேராகக் கை போய்க்கொண்டிருந்தது.

"லேபிள் மேல வைக்காத. பக்கத்துல வை," என்றேன்.

"ஏன் சார், சாமி கோச்சிக்குமா?"

"சாமி கோச்சிக்காது. ஏகாம்பரம் கோச்சிக்குவாரு."

யார் ஏகாம்பரம் என்று கேட்டார்கள். பொரி தின்றுகொண்டே சொன்னேன். சொன்னதை எழுதிக் கொடுங்கள், புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குப் படிக்கக் கொடுக்கலாம் என்றார் சதீஷ். அதனால் இது. நடுவில் எங்காவது நான் வர்ணனையில் இறங்கினால் பொறுத்துக்கொள்ளவும். அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை.

1. டேங்க் வந்த நாள்

எண்பதுகளின் நடுப்பகுதி. ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் ரோட்டு ஓரம், பஸ் நிற்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், சரோஜாக்காவின் ஸ்க்ரீன் பிரிண்டிங் கடை. அவர் கணவர் துபாய் போனபோது ஒரு மேசை, நாலு ஃப்ரேம், இரண்டு ஸ்க்வீஜி விட்டுப் போனார். மையைத் தேய்த்து இழுக்கிற அந்த ரப்பர் கட்டையைப் பிடிக்கக்கூடத் தெரியாமல் ஆரம்பித்த அக்கா, நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதை வைத்து ஊரையே அச்சடித்துக்கொண்டிருந்தார். லாரிகளுக்கு 'ஒலி எழுப்பவும்', ரைஸ் மில்லுக்குச் சாக்கு அச்சு, ஃபேக்டரிகளுக்கு மண்டையோடு போட்ட அபாயப் பலகை. நான் அங்கே ஆர்ட்டிஸ்ட். இருபத்து மூன்று வயது. பகலில் அடுத்தவர் எழுத்தை வரைவேன், சாயங்காலம் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் என் எழுத்தை எழுதுவேன். எடுத்த வேலையை உட்கார்ந்த இடத்தில் முடிக்கிற குணம் அப்போது கிடையாது. ஒரு எழுத்தின் பாதியில் எழுந்து போய் ரோட்டில் போகிற லாரியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

புரட்டாசியில் ஒரு நாள் ஏகாம்பரம் சைக்கிளில் வந்தார். மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். ரிட்டையராக இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தது. கேரியரில் வேட்டியால் சுற்றிக் கட்டிய ஏதோ ஒன்று, புதுக் கன்றுக்குட்டி அளவில். அவிழ்த்தால் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க்.

வண்டி இங்கிலாந்தில் செய்தது. அந்தக் கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. பெயரை நான் எழுதப்போவதில்லை, எழுதினால் வண்டி எங்கே என்று கேட்டு ஆள் வரும். மற்ற பாகங்கள் தண்டலத்தில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் பிரித்துக் கிடந்தன. டேங்கின் வலதுபக்கம் சில்வர் பெயிண்ட். அதற்கடியில் கத்தியால் சுரண்டிய கோடுகள். இடதுபக்கம் மட்டும் பழைய கறுப்பு, அதன்மேல் ஒரு டீகால், அதாவது ஒட்டுப்படம், பிழைத்திருந்தது. ஒரு சாண் நீளம். இறக்கை விரித்த நாரை, அதன் காலடியில் வளைந்த இங்கிலீஷ் எழுத்தில் கம்பெனி பெயர். தங்க எழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் சுற்றி மயிரிழையில் ஒரு பழுப்புக் கோடு. முப்பது வருஷ வெயிலில் மேல் வார்னிஷ் பொடிப்பொடியாக வெடித்திருந்தது. ஆனாலும் அந்த நாரை இறங்கப் போகிறதா, பறக்கப் போகிறதா என்று பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்குச் சந்தேகம் வந்தது.

கேட்டது சாதாரண வேலை. இடதில் இருப்பதைப் பார்த்து வலதுக்கு அதேபோல ஒன்று அடிக்க வேண்டும்.

"இருக்கறத மட்டும் தொடாத தம்பி," என்றார். "அது எங்க அண்ணனுது."

பிறகு கதையைச் சொன்னார். அண்ணன் முனுசாமி ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஐம்பதுகளில், சொந்த ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரிடம் மெட்ராஸில் வாங்கிய வண்டி. ஞாயிற்றுக்கிழமையானால் பனியன் துணியில் தேங்காயெண்ணெய் தொட்டு அந்த நாரையைத் துடைப்பாராம். வடக்கே மாற்றலானபோது வண்டியைத் தம்பியிடம் விட்டுப் போனார். தம்பி அதில் வல்லம், மாத்தூர், ஒரகடம் என்று மாட்டுக்கு ஊசி போடப் போய்வந்தார். ஒரு வருஷம், டேங்க் துருப்பிடிக்கிறதே என்று, வீட்டு கேட்டுக்கு அடித்து மீந்த சில்வர் பெயிண்ட்டை எடுத்து உட்கார்ந்தார். பெயிண்ட் பிடிக்கட்டும் என்று வலதுபக்க நாரையைக் கத்தியால் சுரண்டினார். அடித்து முடித்து இடதுபக்கம் கத்தியை வைக்கிற நேரம் பார்த்து, லீவில் வந்த அண்ணன் கேட்டைத் திறந்தார். பார்த்தார். டிரங்குப் பெட்டியைக் கீழே வைக்காமலே திரும்பி நடந்து பஸ் ஏறிவிட்டார்.

அதற்கப்புறம் பதினாறு வருஷம் பேச்சில்லை. ரிட்டையரான அண்ணன் ஸ்ரீபெரும்புதூரிலேயே இரண்டு தெரு தள்ளிக் குடிவந்தார். ரேஷன் கடை வரிசையில் இருவரும் முன்னும் பின்னும் நின்றிருக்கிறார்கள், நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு. வேறொருவர் வழியாக ஒரே ஒரு வார்த்தை வந்ததாம். வண்டியை ஓட்டியதற்கு வருத்தமில்லை, கேட்காமல் சுரண்டினானே என்று.

கார்த்திகைக் கடைசியில் ஏகாம்பரத்தின் மகளுக்குக் கல்யாணம். முதல் பத்திரிகை சாமிக்கு, அடுத்தது பெரியப்பாவுக்கு. பெரியப்பா வாங்காத பத்திரிகையை ஊரில் யாருக்கும் வைப்பதில்லை என்று ஏகாம்பரத்தின் மனைவி சொல்லிவிட்டார். வெறுங்கையோடு அந்த வாசலுக்குப் போக ஏகாம்பரத்துக்குக் கால் வரவில்லை. வண்டியில் போக வேண்டும். அண்ணன் விட்டுப் போன நாளில் எப்படி இருந்ததோ அப்படி இருக்கிற வண்டியில்.

2. சந்தனக் காப்பு

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. மாதிரி எது வந்தாலும் வந்த அன்றே ட்ரேஸிங் பேப்பர் போட்டு நகல் எடுத்துவிட வேண்டும். அக்கா அன்றும் சொன்னார், மறுநாளும் சொன்னார். பூஜைக்கு முன்னால் லாரி ஆர்டர்கள் குவிந்திருந்தன. நாளைக்கு, நாளைக்கு என்று நான் தள்ளினேன். டேங்க் பத்து நாள் ஷெல்ஃபில் உட்கார்ந்திருந்தது.

ஆயுதபூஜை அன்று கடையைக் கழுவினோம். கடையில் வாங்கிய சந்தனப் பவுடரைப் பன்னீரில் குழைத்து ஒரு கிண்ணம் நிறைய வைத்தார் அக்கா. ஸ்க்வீஜிக்கு, ஃப்ரேமுக்கு, கத்தரிக்கு, ஃபேன் ஸ்விட்சுக்கு, மையூற்றும் கரண்டிக்கு என்று பொட்டு வைத்து முடித்தும் பாதிக் கிண்ணம் மீந்தது. டேங்கைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். கோயிலில் மூலவருக்குச் சந்தனக் காப்பு சாத்துவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். மீந்ததை வீணாக்குவானேன் என்று நாரையின்மேல் கெட்டியாக அப்பினேன். எழுத்தையும் சேர்த்து மூடினேன். கட்டைவிரலால் இறக்கையின் கோடுகளைக்கூட மேலே இழுத்துவிட்டேன். அக்கா திரும்பிப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் விஜயதசமி, அதற்கடுத்த நாள் ஞாயிறு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மூன்று நாள் புழுக்கம்.

திங்கட்கிழமை ஷட்டரைத் தூக்கினேன். சந்தனம் வறண்டு, ஓரமெல்லாம் சுருண்டு எழும்பியிருந்தது. ஈரத்துணி எடுக்கப் போனவன், ஓரத்தில் நகம் வைத்து லேசாக நெம்பினேன். அப்பளம் உடைகிற சத்தத்தோடு ஒரு துண்டு கையில் வந்தது. டேங்கைப் பார்த்தேன். நாரைக்குத் தலை இல்லை.

மற்ற துண்டுகளுக்கு நெம்பவே வேண்டியிருக்கவில்லை. தொட்டதும் வந்தன. ஒரு சாண் டீகாலில் ஒரு இறகுகூட டேங்கில் தங்கவில்லை.

அக்கா வந்தார். ஒரு துணுக்கை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார்.

"பாதி மைதா," என்றார். "போஸ்டர் ஒட்டற பசையாட்டம் புடிச்சி இழுத்துகீது. இன்னா கோராமை கஜா இது. நாலு ஃப்ரேமுக்கும் பொட்டு வச்சவன் இதுக்கு மட்டும் எதுக்குடா சட்டை தெச்ச?"

என் யோசனையைச் சொன்னேன். இரண்டு பக்கமும் ப்ரஷ்ஷில் கையாலேயே எழுதிவிடுகிறேன், அந்த ஆளுக்குத் தெரியவா போகிறது. அக்கா கத்தவில்லை. ஒரு ஸ்வீட் பாக்ஸை எடுத்துப் பஞ்சு பரப்பி, துண்டு துணுக்கு ஒன்று விடாமல் அதில் பொறுக்கச் சொன்னார். இதை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டு, முடியாவிட்டால் ப்ரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போ என்றார். கிளம்பினேன். ரோட்டைத் தாண்டுவதற்குள் பின்னால் ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்டது. கடையைப் பூட்டிவிட்டு அவரும் கூட வந்தார். அந்த ஷட்டர் சத்தத்துக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

மாட்டாஸ்பத்திரியில் ஒரு காளையை மரச்சட்டத்துக்குள் நிறுத்தி ஏகாம்பரம் அதன் குளம்பைக் கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு டப்பாவுக்குள் பார்த்தார். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பக்கத்த நான் சுரண்டினேன். இந்தப் பக்கத்த நீ," என்றார்.

அவர் அக்காவிடம் திரும்பினார்.

"இவன் சொல்றத நான் நம்பறேம்மா. எங்கண்ணன் நம்பமாட்டாரு. மிச்சம் இருந்ததயும் நான்தான் சுரண்டிட்டேன்னு நெனைப்பாரு."

3. முதுகுப் பக்கம்

இரண்டு பக்கத்துக்கும் புதிதாக அடித்துவிடுவது என்று முடிவு செய்து, மறுநாள் காலையில் துண்டுகளைக் கண்ணாடி மேசையில் பரப்பினோம். சந்தனம் கீழே, டீகால் மேலே. பெரியது மூன்று, நடுத்தரம் ஏழு, மற்றதெல்லாம் பொடி. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது டீகாலின் முதுகு. டேங்கோடு ஒட்டியிருந்த பக்கம். எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிந்தது. அதில் பயப்பட ஒன்றுமில்லை, ட்ரேஸிங்கை எடுத்துத் திருப்பிப் போட்டால் நேராகிவிடும்.

வேறொன்று கண்ணில் பட்டது. தங்க எழுத்தைச் சுற்றி ஓடிய மயிரிழைக் கோடு பழுப்பாக இல்லை. பச்சையாக இருந்தது. ஆழமான, நீலம் ஊறிய பச்சை.

துண்டைத் திருப்பி, ஓரத்தில் சந்தனத்தைத் துளி ஈரம் வைத்துக் கரைத்துப் பார்த்தேன். முன்பக்கம் பழுப்பு. முதுகில் பச்சை. அப்போதுதான் புரிந்தது. மேலே பூசிய வார்னிஷ் வருஷம் ஏற ஏற மஞ்சளாகி, வெயில் பச்சையைத் தின்று, இரண்டும் சேர்ந்து பழுப்பாகியிருக்கிறது. டேங்கை ஒட்டிக்கொண்டிருந்த பக்கம் முப்பது வருஷம் வெயிலையே பார்க்கவில்லை. அச்சடித்த அன்று இருந்த நிறத்திலேயே இருந்தது.

அக்கா பிறந்தது காஞ்சிபுரத்தில், தறி இருக்கிற வீட்டில். நிறங்களை நம்பர் சொல்லிக் கூப்பிடுவது அவருக்குப் பிடிக்காது. குனிந்து பார்த்தார்.

"மயில் கழுத்து," என்றார். "பழைய சாயம். இந்தக் காலத்துப் பச்சை இல்ல."

டீகால் டேங்கிலேயே பத்திரமாக இருந்திருந்தால் நான் பழுப்பைத்தான் நகலெடுத்திருப்பேன். வலதுபக்கம் அதைக் கச்சிதமாக ஒட்டி, நல்ல வேலை என்று என்னையே மெச்சிக்கொண்டிருப்பேன். இதைச் சொல்லி நான் செய்த கோராமையை நியாயப்படுத்தவில்லை. ஆனால் அன்று காலை அந்தப் பச்சையைப் பார்த்தபோது, திட்டு வாங்கிய மனதுக்குள் ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. அதற்கு வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

4. அழகான தப்பு

ட்ரேஸிங் எடுத்தேன். கட்டம் போட்டு நாலு மடங்கு பெரிதாக்கி, ஆர்ட் போர்டில் இந்தியன் இங்க்கில் வரைந்தேன். பெரிதாக வரைந்து ஃபிலிமில் சிறிதாக்கினால் கோட்டின் ஓரம் கூர்மையாக வரும்.

வரையும்போது சில விஷயங்களைக் கவனித்தேன். நாரையின் இடது இறக்கையில் வலதைவிட ஒரு இறகு குறைவு. எழுத்துகளில் மூன்றாவது கொஞ்சம் சாய்ந்து பக்கத்து எழுத்தோடு இடித்துக்கொண்டு நின்றது. யாரோ வெள்ளைக்கார ஆர்ட்டிஸ்ட் டீக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாக முடித்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு இறகு சேர்த்தேன். எழுத்தை நிமிர்த்தி, இடைவெளியை அளந்து சரிசெய்தேன். மூன்று நாள் வேலை. நான் எழுந்து லாரி பார்க்கப் போகாத மூன்று நாள்.

அக்கா ட்ரேஸிங்கையும் என் போர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அழகா கீது. ஆனா இது அது இல்ல."

அசலில் தப்பு இருக்கிறது, அதைத்தான் திருத்தினேன் என்று வாதாடினேன். நாரை என்றால் இரண்டு இறக்கையும் சமமாக இருக்க வேண்டாமா என்று கேட்டேன். அக்கா கேட்டுக்கொண்டே ஒரு ஃப்ரேமைத் தின்னரில் துடைத்தார். துடைத்து முடித்துச் சொன்னார்.

"பஸ் டிக்கெட்ல ஏதோ எழுதறியே, அதுல நீ கோணலா வச்ச ஒரு வார்த்தைய எவனாச்சும் நேரா நிமித்தி வச்சா நீ சும்மா இருப்பியா?"

நான் ஒளித்து எழுதுவதாக நினைத்திருந்ததை அவர் படித்திருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது. போர்டைக் கிழித்தேன். மறுபடி கட்டம் போட்டேன். இறகு குறைந்த இறக்கையோடு, இடிக்கிற எழுத்தோடு. இரண்டாவது முறை வரைந்தபோதுதான் அந்த நாரை ஏன் இறங்குகிறதா பறக்கிறதா என்று தெரியாமல் இருக்கிறது என்பது பிடிபட்டது. அந்த ஒரு இறகு இல்லாததால்தான் அது சாய்கிறது. சமமாக வைத்தால் அது ஒரு முத்திரை. சாய்த்தால்தான் பறவை.

கடைசி எழுத்தின் வால் மட்டும் கிடைக்கவில்லை. அந்தத் துண்டு பொடியாகிவிட்டது. அதற்கு டேங்கே உதவியது. டீகால் மூடியிருந்த இடத்தில் கறுப்பு வெளுக்காமல் இருந்தது. சாயங்கால வெயில் கடைவாசலுக்குச் சாய்வாக வந்தபோது டேங்கை அதில் பிடித்துப் பார்த்தோம். எழுத்தின் நிழல் முழுசாகத் தெரிந்தது, வாலோடு. அக்கா டேங்கை அசையாமல் பிடித்துக்கொண்டார், நான் அந்த நிழல்மேல் பேப்பர் போட்டு இழுத்தேன். வெயில் இறங்குவதற்குள் ஐந்து நிமிஷம்தான் கிடைத்தது.

5. பீரோவுக்குள் பல்ப்

ஃபிலிமை மெட்ராஸ் போய் எடுத்துவந்தேன். டீகாலுக்கு வேண்டிய கோந்து தடவிய பேப்பர் சிவகாசியிலிருந்து வந்தது. தையல் மெஷினுக்கும் சைக்கிளுக்கும் டீகால் அடிக்கிறவர்கள், கேட்டதும் லாரி சர்வீஸில் அனுப்பிவைத்தார்கள். முகம் தெரியாத அவர்களுக்கும் ஒரு நன்றி.

டீகால் அடிப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்கு: கோந்துப் பேப்பர்மேல் முதலில் க்ளியர் லாக்கர். அதன்மேல் ஒவ்வொரு நிறமாக, ஒவ்வொரு ஸ்க்ரீனாக. எங்களுக்குப் பச்சை, தங்கம், கறுப்பு நிழல். கடைசியில் மறுபடி லாக்கர். தண்ணீரில் போட்டால் கோந்து கரைந்து, லாக்கரும் நிறமும் ஒரு தோலாகக் கழன்று வரும். அதை வழுக்கி டேங்கின்மேல் ஏற்ற வேண்டும். நிறத்தின்மேல் நிறம் மயிரிழை பிசகாமல் உட்காருவதை ரிஜிஸ்டர் என்போம். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கோந்துப் பேப்பர் ஈரக் காற்றைக் குடித்தது. காலையில் பச்சை அடித்த பேப்பர் மத்தியானம் தங்கத்துக்கு வரும்போது அரை நூல் வளர்ந்திருந்தது. நாரை ஒரு பக்கம், அதன் ஓரக்கோடு ஒரு பக்கம். முதல் லாட் முழுக்கப் போயிற்று, இரண்டாவதும் போயிற்று. தங்க மைக்குச் சேர்க்கிற வெண்கலப் பவுடரும் ஈரத்தில் கறுத்து, தங்கம் பித்தளையாயிற்று.

ஒரு மழை நாளில் ஏகாம்பரம் குடையோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. பத்திரிகை அடித்து வந்துவிட்டது, வீட்டில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறது, ஜனங்கள் என்ன இன்னும் அழைக்கவில்லை என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றார். மாப்பிள்ளை வீட்டில் பெரியப்பா வருவார்தானே என்று இரண்டாவது முறையாக விசாரித்திருக்கிறார்கள். ஆச்சா என்று மட்டும் கேட்டார். ஆகவில்லை என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டிலிருந்த இரும்பு பீரோவை இரண்டு பேரை வைத்துக் கடைக்குத் தூக்கிவந்தார். அதிலிருந்த புடவைகளையெல்லாம் கட்டிலில் கொட்டிவிட்டு வந்திருக்கிறார். கீழ்த்தட்டில் நூறு வாட்ஸ் பல்ப் ஒன்றைப் பொருத்தி, மேலே கொடி கட்டி, பேப்பர்களை க்ளிப் மாட்டித் தொங்கவிட்டோம். ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, ஒரு இழுப்பு இழுத்து, உடனே உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினோம். தங்கத்தை ஒரு கரண்டி, ஒரு கரண்டியாக அவ்வப்போது குழைத்தோம். வெளியே மழை, உள்ளே பீரோவுக்குள் ஒரு குட்டி சித்திரை மாதம். மயில் கழுத்துப் பச்சைக்கு அக்காவே மை கலந்தார். நீலம் ஒரு சொட்டு, கறுப்பு ஊசிமுனை. முதுகுப் பக்கத் துண்டோடு வைத்து வைத்துப் பார்த்து, பதினோராவது கலவையில் சரி என்றார்.

ஆறு ஷீட் தேறியது. மெக்கானிக் டேங்கை இரண்டு பக்கமும் கறுப்பு அடித்துக் கொடுத்தார். எனாமல் தட்டில் தண்ணீர் வைத்து, டீகாலை ஊறவிட்டு, ஈர விரலால் டேங்கின்மேல் வழுக்கி ஏற்றினேன். நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக் குமிழ்களைத் தள்ளிக்கொண்டே போனேன். வலதில் முதல் ஷீட்டே உட்கார்ந்தது. இடதில் இரண்டு கிழிந்து, மூன்றாவது நின்றது. அக்கா மேலே க்ளியர் கோட் அடித்துவிட்டு டீ வாங்கிவரப் போனார்.

6. இரண்டாவது பத்திரிகை

பாடம் என்று ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாதிரி வந்த அன்றே நகல் எடுங்கள். நிறத்தை வெயில் படாத இடத்தில் பாருங்கள். அடுத்தவர் எழுத்தை நிமிர்த்தாதீர்கள். எதையாவது கெடுத்துவிட்டால், துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு உடையவரிடம் போங்கள். போகிறவரோடு கூடப் போக ஒரு ஆள் இருந்தால் அவரை மறக்காதீர்கள். இவ்வளவுதான். இதில் எதையும் நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. எல்லாம் சரோஜாக்காவின் கடையில் வாங்கியது.

கார்த்திகை பிறந்து மூன்றாவது நாள், மழை விட்ட காலை. ஏகாம்பரம் வண்டி ஓட்ட, நான் பின்னால் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் வெற்றிலை, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை. அண்ணன் கேட்டால் நீதான் சொல்ல வேண்டும் என்று என்னைக் கூட்டிப்போனார். இரண்டு தெருதான். ஆனால் தெரு முழுக்க அந்த இன்ஜின் சத்தத்துக்கு எழுந்து வெளியே வந்தது.

முனுசாமியும் வந்தார். வேட்டி, தோளில் துண்டு, தடித்த கண்ணாடி. தம்பியைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. நேராக டேங்கிடம் வந்து குனிந்தார். வலதுபக்கத்தை நிறைய நேரம் பார்த்தார். வண்டியைச் சுற்றிவந்து இடதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது புதுசு," என்றார், யாரிடமும் இல்லாமல். "இந்தப் பக்கம் இருந்தது எங்க?"

தாம்பாளத்தோடு நான் முன்னால் வந்தேன். "அவரு தொடவே இல்லீங்க. நான்தான் கெடுத்தது," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நாள் ட்ரேஸ் எடுக்காததை, மீந்த சந்தனத்தை, மைதாவை, அப்பளச் சத்தத்தை. சட்டைப்பையில் பஞ்சில் சுற்றி எடுத்துப்போயிருந்த ஒரு துண்டைக் காட்டினேன். அவர் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"பச்சன்னு யாரு சொன்னது உனக்கு?"

முதுகில் பார்த்தோம் என்றேன்.

அவர் டேங்கின்மேல் கையை வைத்தார். வண்டி வாங்கும்போது இந்தப் பச்சைதான், இரண்டு கோடையில் மங்க ஆரம்பித்துவிட்டது, எவ்வளவு எண்ணெய் போட்டுத் துடைத்தும் நிற்கவில்லை என்றார். பச்சையாக இருந்தது என்று பிற்பாடு யாரிடம் சொன்னாலும் நம்பவில்லையாம். போகப்போக அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதாம். இதையெல்லாம் என்னிடம்தான் சொன்னார். ஆனால் பாதியில் கண் தம்பியின் பக்கம் திரும்பிவிட்டது. "நீ அப்ப சின்னவன். உனக்கு ஞாபகம் இருக்காது," என்றார். பதினாறு வருஷத்தில் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அது.

ஏகாம்பரம் என் கையிலிருந்த தாம்பாளத்தை வாங்கி நீட்டினார். அண்ணன் உடனே வாங்கவில்லை. தோளிலிருந்த துண்டில் கையைத் துடைத்தார். இரண்டு கையையும். பிறகு வாங்கிக்கொண்டு, வாசலில் நின்றபடியே பத்திரிகையைப் பிரித்துப் படித்தார். அழைப்பவர்கள் என்ற இடத்தில் முதல் பெயர் அவருடையது. கேட்காமல்தான் போட்டிருந்தார்கள். அதைப் படித்த இடத்தில் அவர் விரல் கொஞ்சம் நின்றது, பிறகு கீழே இறங்கியது.

உள்ளே உட்காரச் சொன்னார். அவர் வீட்டம்மா காபி கொடுத்தார். பெண்ணுக்கு என்ன புடவை, எந்த மண்டபம், சமையல் யார் என்று அந்த அம்மாதான் கேட்டார். ஏகாம்பரம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். முனுசாமி டம்ளரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காபி முடிந்தது. இன்னும் ஊர் முழுக்க அழைக்க வேண்டும் என்று எழுந்தோம். ஏகாம்பரம் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, கிக்கரில் காலை வைத்தார். முனுசாமி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அத எங்க தள்ளிக்கினு போற?"

"வூட்டுக்குண்ணா."

"வச்சிட்டு பஸ்ல போ. முகூர்த்தத்துக்கு நான் ஓட்டிக்கினு வரேன்."